பின் வளவில் புதைந்த தகரம்: அது அண்டர்சன் பங்கரா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வட லண்டனில் 1930களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பின் வளவின் கடைசியில், வேலியோரம் ஒரு சின்ன மேடு. பூசணி நடலாம் என்று மண்வெட்டியைப் போட்டபோது 'டங்' என்று சத்தம். பார்த்தால் துருப்பிடித்த நெளிதகரம், வில்லாக வளைந்திருக்கிறது. அதற்குக் கீழே சீமெந்துச் சுவர் மாதிரி ஒன்று. பக்கத்து வீட்டு வயதான அம்மா "அது அண்டர்சன்" என்கிறார், அதாவது இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஒளிய வளவில் புதைத்த தகரப் பங்கர். வேலைக்கு வந்தவரோ "பழைய மலகூடக் குழி, உடைத்து அள்ளிப் போடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி, உடைக்கலாமா, ஆபத்து ஏதும் உண்டா, அப்புறம் அதன்மேல் முருங்கையும் பூசணியும் வைக்கலாமா. இவ்வளவும்தானே?

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டன் வீடுகளின் பின்பக்கத்தில் அறை நீட்டுவதற்கு அத்திவாரம் வெட்டுகிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அந்த 'டங்' எனக்குப் பழக்கமான சத்தம். என் ஊகம் அந்த அம்மாவின் பக்கம். ஒரு அளவுநாடா இருந்தால் அரை மணித்தியாலத்தில் நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அதற்கு, அந்தச் சாமான் புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அண்டர்சன் ஷெல்டர் ஆள் வந்து கட்டிக்கொடுத்த கட்டடம் இல்லை. துண்டு துண்டாக லொறியில் வந்து வாசலில் இறங்கிய தகரம். துத்தநாகம் பூசிய நெளி உருக்குத் தகடுகள் 14, கூடவே போல்ட்டுகள், முறுக்க ஒரு ஸ்பானர். குழி வெட்டுவது வீட்டுக்காரர் பாடு. பக்கத்துக்கு மூன்றாக ஆறு வளைந்த தகடுகளை எதிரெதிரே நிறுத்தி உச்சியில் போல்ட் போட்டால் ஒரு கூண்டு வரும். மிச்சத் தகடுகள் பக்கங்களுக்கும் முன் பின் முகங்களுக்கும். உயரம் 6 அடி, அகலம் நாலரை அடி, நீளம் ஆறரை அடி. இதற்குள் ஆறு பேர். எங்கள் வீட்டுக் குளியலறை இதைவிடப் பெரிது. பெரிய குடும்பங்களுக்கு நடுவில் தகடு சேர்த்து நீட்டிக்கொள்ள வழி இருந்தது.

கூண்டை அப்படியே நிலத்தின் மேல் வைத்தால் பயனில்லை. 4 அடி ஆழக் குழிக்குள் இறக்கி, மேலே தெரிகிற வளைவின்மீது குறைந்தது 15 அங்குல மண் போட வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். வெடியதிர்ச்சியையும் சிதறு துண்டுகளையும் அந்த மண்தான் வாங்கிக்கொள்ளும். நெளிவும் வளைவும் அழுத்தத்தைத் தாங்கும், தகரம் மண்ணைத் தாங்கும், அவ்வளவுதான் இதன் தத்துவம். நேரடியாகக் குண்டு விழுந்தால் எதுவும் செய்ய முடியாது. அதை அரசும் மறைக்கவில்லை.

வடிவமைத்தவர்கள் வில்லியம் பற்றர்சன், ஒஸ்கார் கெரிசன் என்ற பொறியியலாளர்கள், 1938இல். பெயர் மட்டும் அப்போது வான்தாக்குதல் முன்னேற்பாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த சேர் ஜோன் அண்டர்சனுடையது. ஆளை இந்தியா, இலங்கைப் பக்கத்து ஆட்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1932 முதல் 1937 வரை வங்காள ஆளுநராக இருந்து புரட்சியாளர்களை நசுக்கியவர் அவர். 1934இல் டார்ஜிலிங் பக்கம் லெபோங் குதிரைப் பந்தயத் திடலில் அவரைச் சுட்டார்கள், தப்பிவிட்டார். சுடப்பட்டுத் தப்பியவரின் பெயர் உயிர் தப்பும் குழிக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் எனக்கு ஒவ்வொரு தகரத்தைப் பார்க்கும்போதும் அது ஞாபகம் வரும்.

முதல் தொகுதி 1939 பெப்ரவரியில் லண்டன் இஸ்லிங்டனில் இறங்கியது. வருடத்துக்கு 250 பவுண் வரை உழைக்கும் குடும்பங்களுக்கு இலவசம், அதற்கு மேல் உழைத்தால் 7 பவுண். செப்டம்பரில் போர் தொடங்கும்போது 15 இலட்சம் கொடுத்து முடித்திருந்தார்கள். போர்க்காலம் முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 36 இலட்சம்.

36 இலட்சம் என்றால் இன்றைக்கு ஒவ்வொரு வளவிலும் ஒன்று நிற்க வேண்டும் அல்லவா? இல்லை. இலவசமாகக் கொடுத்தது அரசின் சொத்து. போர் முடிந்ததும் உருக்குக்குத் தட்டுப்பாடு, கவுன்சில்கள் தகரத்தைத் திருப்பிச் சேர்த்தன. வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஒரு சிறு தொகை கட்டி எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களும் பெரும்பாலும் குழிக்குள் விட்டுவைக்கவில்லை. கிளப்பி நிலத்தின் மேல் நிறுத்தி சைக்கிளும் கரியும் வைக்கிற கொட்டிலாக்கினார்கள். ஆகவே இன்றைக்குத் தேடினால் அகப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: குழி இல்லாத தகரம், அல்லது தகரம் இல்லாத குழி. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது குறைவு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்களைக் குழப்பிய அந்தச் சீமெந்து. அண்டர்சன் முழுக்கத் தகரம் என்றால் சீமெந்து எங்கிருந்து வந்தது? தண்ணீரால் வந்தது. லண்டனின் வடக்குப் பக்கம் பெரும்பாலும் களிமண். களியில் 4 அடிக் குழி வெட்டினால் மாரிகாலத்தில் அது கிணறு. 1939–40 குளிர்காலத்தில் குண்டு எதுவும் விழாமலே குழிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சனங்கள் வாளியால் இறைத்தார்கள். தரையின் ஒரு மூலையில் தண்ணீர் வடிந்து சேர ஒரு சின்னக் குழியும் வைத்தார்கள். அதற்கும் அடங்காத இடங்களில் உள்ளே தரையும் பக்கச் சுவரும் கொங்கிறீற் போட்டுத் தொட்டி மாதிரி ஆக்கினார்கள். சில இடங்களில் கவுன்சில் செய்தது, சில இடங்களில் வீட்டுக்காரரே. போருக்குப் பிறகு தகரத்தைக் கழற்றிக்கொண்டு போக முடிந்தது, கொங்கிறீற் தொட்டியை யார் கிளப்புவது? மண்ணும் குப்பையும் போட்டு மூடிவிட்டார்கள். சிலர் அதையே மீன் தொட்டி ஆக்கினார்கள். ஆங்கிலேயர் வீட்டில் நீள்சதுரமாக, தோட்டத்துக்குப் பொருந்தாத ஆழத்தில், ஒரு மீன் குளம் கண்டால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

இந்தத் தண்ணீர்க் கதையை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் எங்கள் வீட்டுக் கோடியிலும் ஒரு பங்கர் வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை. வலிகாமத்தில் கொஞ்சம் வெட்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும், அதனால் பாதி நிலத்துக்குள்ளே, பாதி மண்மூட்டைக்குள்ளே. மாரியில் முழங்காலளவு தண்ணீர், தண்ணீருக்குள் தவளை, தவளைக்குப் பின்னால் பாம்பு. பொம்பர் (குண்டுபோடும் விமானம்) வந்தால் அம்மா முதலில் தடியால் உள்ளே தட்டிவிட்டுத்தான் எங்களை இறக்குவார். பிறகு லண்டனில் ஒரு கிழவர் தன் சின்ன வயசு அண்டர்சனைப் பற்றிச் சொன்னபோது குண்டைப் பற்றி ஒரு வசனம்தான் சொன்னார். மிச்சம் முழுவதும் ஈரத்தைப் பற்றியும் சிலந்தியைப் பற்றியும்.

அந்த ஈரமும் குளிரும் காரணமாகவே பலர் அதைக் கைவிட்டார்கள். 1940 நவம்பரில், குண்டுவீச்சு உச்சத்தில் இருந்தபோது, லண்டனில் எடுத்த கணக்கில் 100 பேரில் 27 பேர்தான் வீட்டுப் பதுங்கிடங்களில் இரவைக் கழித்தார்கள். 9 பேர் பொதுப் பதுங்கிடங்களில், 4 பேர் நிலக்கீழ் ரயில் நிலையங்களில். மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே, படிக்குக் கீழே, கட்டிலில். அதைப் பார்த்துத்தான் 1941இல் மொரிசன் ஷெல்டர் வந்தது: சாப்பாட்டு மேசை போன்ற உருக்குக் கூண்டு, அறைக்குள்ளேயே வைப்பது. அது தோட்டத்தில் எந்தத் தடயமும் விடாது. ஆகவே வளவில் எதுவும் இல்லாத வீட்டுக்காரர் பங்கர் இல்லாமல் இருந்தார் என்று முடிவுகட்டக் கூடாது.

இனி அளவுநாடா. கொங்கிறீற் விளிம்பைச் சுற்றி மண்ணை மெல்ல விலக்கி உள்ளகலத்தையும் நீளத்தையும் எடுங்கள். நாலரைக்கு ஆறரை அடிக்குக் கிட்ட வந்தால் (1.4 மீற்றர், 2 மீற்றர்) பேச்சே இல்லை. கொங்கிறீற் போட்டதால் உள்ளளவு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அதைக் கணக்கில் எடுங்கள். தகரத்தின் தடிப்பைப் பாருங்கள். சாதாரணக் கொட்டில் கூரைத் தகரம் கையால் வளையும், இது வளையாது. துரு தின்னாத இடத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இருக்கும். வளைவின் மேல் நுனியில் வரிசையாக போல்ட் ஓட்டை இருக்கிறதா? அதுதான் கையெழுத்து. கழிவுக்குழிக்கு வளைந்த தகரம் போட மாட்டார்கள், அதற்கு உள்ளே வந்து போகக் குழாய் இருக்கும். 1930களில் கட்டிய வட லண்டன் வீடுகளுக்குப் பெரும்பாலும் பொதுக் கழிவு வாய்க்கால் வந்துவிட்டது, ஆகவே உங்கள் வேலையாளின் ஊகம் அந்தப் பக்கத்திலும் பலவீனம்தான்.

வாசலையும் தேடுங்கள். வெடியதிர்ச்சி நேரே உள்ளே அடிக்காமல் இருக்க வாசலுக்கு முன் ஒரு மறைப்பு வேண்டும்; அதனால் பெரும்பாலும் வாசல் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் மண்மேடோ செங்கல் சுவரோ. உங்கள் மேட்டில் வீட்டுப் பக்கம் ஒரு சரிவும் இரண்டு மூன்று படியும் அகப்பட்டால் அதுதான் இறங்கும் வழி.

தோண்டாமல் பார்க்கிற வழியும் உண்டு. கூகிள் ஏர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதியில் லண்டனுக்கு 1945 வான்படம் இருக்கிறது. தெளிவு குறைவு, ஆனாலும் வரிசை வீடுகளின் பின்னால் ஒரே மாதிரிச் சின்னப் பொட்டுகள் தெரியும். பக்கத்து வளவுகளில் அதே தூரத்தில் பொட்டு இருந்தால் உங்களுடையதும் அதுவே. மற்றது வரட்சி. 2018 கோடை மாதிரிப் புல் கருகும் வருடத்தில் மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பாருங்கள். கொங்கிறீற்றின் மேல் மண் மெல்லிசு, அங்கே புல் முதலில் காயும். கொங்கிறீற் போடாத வெறும் குழியை மண் நிரப்பி மூடியிருந்தால் நேர்மாறு: மற்றப் புல் காய, அந்த நீள்சதுரம் மட்டும் பச்சையாக நிற்கும். தொல்லியல்காரர் ரோமர் காலச் சுவர்களைக் கண்டுபிடிப்பதும் இதே கண்ணால்தான்.

எல்லா வளவுப் பங்கரும் அண்டர்சன் இல்லை. உருக்கு கிடைக்காமல் போனபோது செங்கல்லில் நிலத்தின் மேலே கட்டினார்கள். ஒரு அடிக்கு மேல் தடித்த சுவர், தட்டையான கொங்கிறீற் கூரை, ஜன்னல் இல்லை. இன்றைக்குப் பலர் அதைக் கொட்டிலாகவே பாவிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்குப் பொதுவாக வேலிக்கோட்டிலேயே கட்டியதும் உண்டு. இதில் ஒரு எச்சரிக்கை. 1940இல் சீமெந்தைச் சேமிக்கச் சொல்லி வந்த அரசு அறிவுறுத்தலைத் தப்பாக விளங்கிக்கொண்டு சீமெந்தே இல்லாமல் வெறும் சுண்ணாம்பும் மணலும் வைத்துக் கட்டிய பதுங்கிடங்கள் இருந்தன. சுவர் சரிந்தால் அந்தக் கொங்கிறீற் கூரை அப்படியே கீழே வரும். இதை வாசிக்கிற யாரிடமாவது அப்படி ஒரு கொட்டில் இருந்தால் திறப்பு (சாவி) நுனியால் செங்கல்லுக்கு இடையிலுள்ள பூச்சைச் சுரண்டுங்கள். மணலாகக் கொட்டினால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், கூரையில் ஏறாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்து உண்டா என்றால், உண்டு. முதலாவது, தகரத்தின் கீழே இன்னும் வெறுமை இருக்கலாம். அறிவுறுத்தல்படி மண் போட்டிருந்தால் அந்தக் கூரைமேல் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாத பாரம் எண்பது வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது, தாங்குவது துருப்பிடித்த தகரம். மேலே ஏறி நிற்க வேண்டாம், உள்ளே தவழ்ந்து போகவே வேண்டாம். மேலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே வந்து தகரத்தைக் கடைசியாகக் கழற்றுவதுதான் முறை.

இரண்டாவது, உள்ளே நிரப்பிய குப்பை. போத்தல், சாம்பல், பழைய சப்பாத்து என்றால் ஆனந்தமாகக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் உடைந்த நெளி கூரைத் துண்டுகள் வந்தால் அது தகரம் இல்லை, கல்நார்ச் (அஸ்பெஸ்டஸ்) சீமெந்தாக இருக்கலாம். உடைக்காமல் நனைத்து மூடிவிட்டுக் கவுன்சிலைக் கேளுங்கள். நச்சுவாயு முகமூடி அகப்பட்டால் பிள்ளைகள் கட்டாயம் முகத்தில் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். அந்தக் கால முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்குப் போடக் கொடுக்க வேண்டாம் என்று 2014இல் பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது.

மூன்றாவது அரிது, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. ஜெர்மன் விமானங்கள் கொட்டிய தீக்குண்டு ஒரு கிலோ எடைதான், முழங்கையளவு நீளத்தில் குழாய் போல, ஒரு முனையில் இறகுகள். அப்படி எதையாவது கண்டால் தொடாதீர்கள், கழுவிப் பார்க்காதீர்கள், விலகிப்போய் அவசர எண் 999க்கு அடியுங்கள். என் இருபது வருடத்தில் ஒரே ஒருமுறை அடித்திருக்கிறேன். வந்து பார்த்தால் பழைய சைக்கிள் பம்ப். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை, செய்தது சரி என்றுதான் சொன்னார்.

உடைக்கச் சட்டம் தடுக்குமா என்றால் பொதுவாக இல்லை. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் மட்டும் வேறு கதை: 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே அந்த வளவில் நிலைத்து நிற்கும் கட்டுமானங்களும் வீட்டோடு சேர்ந்து பாதுகாப்புக்குள் வரலாம். அண்டர்சனின் வயது அதற்குள்தான். உங்களுடைய 1930கள் வீடு பட்டியலில் இருக்கச் சாத்தியம் குறைவு, ஆனாலும் கவுன்சிலின் இணையத்தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வேலிக்கு மிகக் கிட்ட என்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் தோண்டும்போது அவரின் வேலி சரியலாம் என்பது ஒன்று, அவருக்கு அந்தக் குழியைப் பற்றித் தெரிந்தது உங்கள் வேலையாளைவிட அதிகம் என்பது இன்னொன்று. போய் ஒரு தேத்தண்ணி குடித்துக் கேளுங்கள், போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நான் என்ன செய்வேன்? அந்த இடத்தில் அறை நீட்டப் போவதில்லை என்றால் உடைக்க மாட்டேன். மண்ணை விலக்கி, படம் எடுத்து, அளவைக் குறித்து, தகரம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற யோசனை. தகரம் உறுதியாக இருந்தால் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துத் துருத் தடுப்புப் பூச்சு அடித்துக் கொட்டிலாக வைத்திருக்கலாம். அறை நீட்டுவதாக இருந்தால் விட்டுவைக்க முடியாது. நிரப்பிய மண் இறுகியிருக்காது, அதன்மேல் அத்திவாரம் நின்றால் ஒரு பக்கம் இறங்கிச் சுவர் வெடிக்கும். கட்டட ஆய்வாளர் எப்படியும் உறுதியான மண் வரும்வரை வெட்டச் சொல்வார், அந்தச் செலவை முன்பே விலைக்குள் போட்டுவிடுங்கள்.

மூடிப் புல் வைப்பதானால் ஒரு வேலையை மறக்க வேண்டாம். கொங்கிறீற் தொட்டியின் தரையில் நாலைந்து இடத்தில் கையகலத்துக்கு உடைத்து ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் மண் நிரப்புங்கள். ஓட்டை போடாமல் நிரப்பினால் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு மாரியும் அந்த ஆறரை அடி நீளத்தில் கால் புதையும்; அப்படி மூடிய வளவு ஒன்றுக்கு மூன்று தடவை புல்லை மாற்றியிருக்கிறார்கள், காரணம் தெரியாமல்.

கடைசியாக, நடுகிற கதை. போர்க்காலத்திலேயே அந்த மண்மேட்டைச் சும்மா விடவில்லை, மேலே மரக்கறியும் பூவும் நட்டார்கள்; யாருடைய ஷெல்டர் மேடு அழகு என்று அயலுக்குள் போட்டிகூட வைத்தார்கள். குழியை நிரப்பி மூடிய பிறகு பூசணிக்கு ஓடிப் படர இடமும் ஒரு முழ மண்ணும் போதும், வைகாசி (மே) கடைசியில் வையுங்கள், குளிர் போன பிறகு. முருங்கை வேண்டாம். பங்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லண்டன் பனிக்கு அது வெளியில் நிற்காது, நானும் நான்கு கன்று வைத்துப் பார்த்துவிட்டேன்.